சீட்டில் ஒரு நோய், தாளில் வேறு நோய்: ஆஃப்-லேபிள் மருந்து எழுதப்பட்டால் நீங்கள் செய்ய வேண்டியவை

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். பாறசாலைப் பக்கம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்து எங்கள் கடையில் மருந்து வாங்கிப்போன அக்கா ஒருவர், மூன்றாம் நாள் அந்த அட்டையை அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரு மாத்திரைகூட பிரிக்கவில்லை.

"இது ஆம்பிளைகளுக்கு உள்ள மருந்தாக்கும். மகன் போன்ல போட்டுப் பாத்தான். டாக்டரு ஆளு மாறி எழுதிட்டாரு."

சீட்டில் இருந்தது டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் புராஸ்டேட் வீக்கத்துக்கு என்றுதான் போட்டிருக்கிறது. மகன் பார்த்ததில் தப்பில்லை. ஆனால் அக்காவின் பையில் ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருந்தது: இடது சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில், மூத்திரப்பைக்குப் பக்கத்தில், 6 மில்லிமீட்டர் கல். புராஸ்டேட்டைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்துகிற இந்த மருந்து, சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதித் தசையையும் தளர்த்தும். குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தால் கல் தானாக இறங்கிவிடும் என்ற கணக்கில் டாக்டர் எழுதியிருக்கிறார். எழுதியது சரி. அந்த ஒரு வரியை அவரிடம் யாரும் சொல்லாததால் அக்கா மூன்று நாள் வலியோடு இருந்தார்.

கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக நிற்கிற எனக்கு இது வாரத்தில் இரண்டு மூன்று தடவை நடக்கிற சங்கதி. இங்கே நோய்க்குக் காட்ட திருவனந்தபுரம் போவோம், மருந்து வாங்க மார்த்தாண்டம் வருவோம். எழுதுகிறவர் ஒரு பாஷை, கொடுக்கிறவர் ஒரு பாஷை. நடுவில் மருந்து எதற்கு என்ற கேள்வி விழுந்துபோகிறது. முதல் தடவை இப்படி ஒரு சீட்டு கையில் கிடைத்துத் திகைத்து நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆஃப்-லேபிள் என்றால் என்ன

ஒரு மருந்தை இந்தியாவில் விற்க டெல்லியிலுள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இன்ன வயதுக்காரருக்கு, வாய்வழியாகவோ ஊசியாகவோ என்று வரையறுத்துத்தான் அனுமதி கொடுப்பார்கள். அந்த வரையறைதான் லேபிள். இந்த நான்கில் ஒன்று மாறினாலும் ஆஃப்-லேபிள்தான். பெரியவர்களுக்கு அனுமதியான மாத்திரையைப் பொடித்துக் குழந்தைக்குக் கொடுத்தால் அதுவும் இதில் சேரும்.

இது கள்ள மருந்தும் அல்ல, காலாவதி மருந்தும் அல்ல. டாக்டர் உங்களை வைத்துப் பரிசோதனை செய்கிறார் என்றும் அர்த்தம் கிடையாது. ஒரு புதிய நோய்க்கு அனுமதி வாங்க கம்பெனி மறுபடி ஆய்வு நடத்த வேண்டும், பணம் செலவாகும். காப்புரிமை முடிந்து இரண்டு ரூபாய்க்கு விற்கிற பழைய மாத்திரைக்கு அந்தச் செலவைச் செய்ய எந்தக் கம்பெனியும் முன்வராது. கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் ஆய்வில் சேர்க்கத் தயங்குவார்கள். அதனால் மருத்துவர்களின் அனுபவமும் ஆய்வுகளும் முன்னே ஓடும், தாள் பின்தங்கி நிற்கும்.

பிள்ளைகள் கைகால் குறைந்து பிறந்ததால் 1961-இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட தாலிடோமைடு என்ற தூக்க மருந்து ஓர் உதாரணம். 1964-இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், வலியால் தூங்க முடியாத தொழுநோயாளி ஒருவருக்குத் தூக்கம் வரட்டும் என்று அதைக் கொடுத்தார். தூக்கம் வந்தது, கூடவே தோலில் இருந்த வலிமிகுந்த முடிச்சுகளும் வற்றின. அந்தப் பயனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998-இல்தான்.

ஆனால் அதை நம்பி எல்லாவற்றையும் விழுங்கக் கூடாது. அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டின் சீட்டுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, 21 சதவீத மருந்துகள் ஆஃப்-லேபிளாக எழுதப்பட்டன என்றும், அவற்றில் 73 சதவீதத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அதாவது, நல்லதும் இதில் உண்டு, வெறும் நம்பிக்கையும் உண்டு. உங்கள் சீட்டில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கத்தான் கீழே சொல்லும் படிகள்.

முதல் படி: டாக்டர் முன்னால் இருக்கும்போதே கேளுங்கள்

மருந்தை எழுதி முடித்ததும், நாற்காலியை விட்டு எழும்புவதற்கு முன், ஒவ்வொரு மருந்தையும் தொட்டுக் காட்டி "இது எதுக்கு?" என்று கேளுங்கள். கேரளப் பக்கம் என்றால் "ஈ மருந்து எந்தினா, டாக்டரே?" போதும். எத்தனை கூட்டம் இருந்தாலும் இதற்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

பாஷை விஷயத்தில் களியக்காவிளைக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. வள்ளியூர், ராதாபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். "கழிக்கணம்" என்று நர்ஸ் சொன்னால் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். நம் பாஷையில் கழித்துப்போடுவது அல்ல. "மூணு திவசம்" என்றால் மூன்று நாள், பயப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் முக்கியம் "ஆழ்சயில் ஒரிக்கல்". வாரத்துக்கு ஒரு தடவை என்று அர்த்தம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது நாலாவது படியில் வரும்.

இரண்டாம் படி: நோயின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்

மருந்தின் பெயர் மட்டும் இருக்கிற சீட்டு எங்களுக்குப் பாதிச் சீட்டுதான். பக்கத்திலேயே "சிறுநீர்க்குழாய்க் கல்", "நரம்பு வலி", "பி.சி.ஓ.எஸ்." (சினைப்பை நீர்க்கட்டி) என்று ஒரு வார்த்தை இருந்தால், மருந்தும் அளவும் அந்த நோய்க்குப் பொருந்துகிறதா என்று நாங்களும் ஒரு தடவை சரிபார்க்க முடியும்.

இதை வலியுறுத்த எனக்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு ஆச்சி என் கடைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. பேரனுக்கு ஏழு மாதம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுதல். எழுதியிருந்தது சில்டெனாஃபில். அந்தப் பெயரைக் கேட்டதும் வேறொரு கடையில் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். "இது பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்தா ஆச்சி? யாருக்கு வாங்குதிய?" என்று கேட்டும் இருக்கிறார்கள். ஆச்சி சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டார்.

சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து. 1998-இல் ஆண்மைக் குறைவுக்கு விற்பனைக்கு வந்தது. நுரையீரல் ரத்தக் குழாய்களை அது விரிக்கிறது என்பதால் 2005-இல் பெரியவர்களின் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு, இதயநோய் மருத்துவர்கள் எடையைக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அது மூச்சு. ஆச்சியை உட்கார வைத்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதைச் சீட்டோடு இரண்டு தடவை ஒத்துப்பார்த்து, பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொடுத்தேன். சீட்டில் நோயின் பெயர் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வீடுகளிலும் இதே துயரம். சினைப்பை நீர்க்கட்டிக்கு மெட்ஃபார்மின் எழுதினால், "பிள்ளைக்கு இந்த வயசிலேயே சுகரா?" என்று ஊர் பேசும் என்று பயந்து தாய்மார் அட்டையை ஒளித்து வைக்கிறார்கள். மெட்ஃபார்மின் சுகர் மருந்துதான். உடம்பு இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்த அது உதவுகிறது, நீர்க்கட்டிப் பிரச்சினையின் அடியிலும் பலருக்கு அந்தக் கோளாறு இருக்கிறது. அதற்காகத்தான் தருகிறார்கள். அதை மட்டும் எடுப்பதால் சாதாரணமாக ரத்தச் சர்க்கரை அபாயமாகக் குறையாது. சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப்போக்கு குறையும்.

மூன்றாம் படி: ஆதாரத்தையும் மாற்று வழியையும் கேளுங்கள்

"இந்த நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து வேறு இருக்கிறதா? இருந்தால் ஏன் அதைத் தரவில்லை?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. விலை குறைவு, அந்த மருந்து உங்களுக்கு ஒத்துவரவில்லை, வேறு மருந்தே இல்லை என்று ஏதாவது ஒரு தெளிவான பதில் வரும். எத்தனை நாளில் பலன் தெரியும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தும் தேதி இல்லாத சீட்டோடு வருகிறவர்களில் பாதிப் பேர் வருஷக்கணக்கில் அதையே வாங்குகிறார்கள்.

அனுமதியும் ஆதாரமும் ஒன்றல்ல என்பதற்கு லெட்ரோசோல் கதை நல்ல சாட்சி. மார்பகப் புற்றுநோய் மருந்து. கருமுட்டை வளர்ச்சிக்கு நம் நாட்டு மருத்துவர்கள் பரவலாக எழுதிவந்தார்கள். 2011 அக்டோபரில் அந்தப் பயனுக்கு மத்திய அரசு தடை போட்டது. 2014-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், நீர்க்கட்டி உள்ள பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களுக்கு 27.5 சதவீதமும், வழக்கமான குளோமிஃபீன் எடுத்தவர்களுக்கு 19.1 சதவீதமும் உயிரோடு குழந்தை பிறந்தது. பின்னால் இங்கேயும் தடை விலக்கப்பட்டது. டாம்சுலோசின் விஷயத்தில் கதை இவ்வளவு நேர் அல்ல: 2015-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு கல்லுக்கு அதனால் பலன் இல்லை என்றது, ஆனாலும் அடிக்குழாயில் இருக்கும் 10 மில்லிமீட்டருக்குக் குறைவான கல்லுக்கு உதவலாம் என்றே 2019-இல் பிரிட்டனின் வழிகாட்டுதல் இடம் கொடுத்தது. உங்கள் டாக்டர் "பார்ப்போம், உதவலாம்" என்று சொன்னால் அது நேர்மையான பதில். "கேள்வி கேட்காதே, எடு" என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கண்ணுக்குள் போடும் பெவாசிசுமாப் ஊசிக்கு முன்னால் கையெழுத்து கேட்பார்கள். குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து அது. விழித்திரை நோய்க்குச் சிறு அளவாகப் பிரித்துப் போடுகிறார்கள். அதற்கென்றே அனுமதி பெற்ற ஊசியை விட விலை பலமடங்கு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே கண் மருந்தாக இருக்கிறது. பிரிக்கும்போது கிருமி புகாமல் பார்ப்பதுதான் முக்கியம். தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மலையாளமோ இங்கிலீஷோ புரியாவிட்டால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்று வழி இவற்றைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

நாலாவது படி: அளவையும் கிழமையையும் தாளில் பார்க்காதீர்கள்

வேறு நோய்க்கு எழுதும்போது அளவும் வேறாக இருக்கும். கால் எரிச்சலுக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரி எழுதுவார்கள். மனச்சோர்வுக்கு அதே மருந்து அதைப்போல் பல மடங்கு. தாளை வாசித்துவிட்டு "டாக்டர் குறைச்சு எழுதிட்டார்" என்று கூட்டிவிடக் கூடாது. "எனக்குப் பைத்தியமா?" என்று தூக்கிப் போடவும் கூடாது. வாய் வறளும், மலம் கட்டும். மூத்திரம் கழிக்கச் சிரமம் இருந்தாலோ, கண் அழுத்த நோய் இருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்த "ஆழ்சயில் ஒரிக்கல்". மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையைச் சரவாங்கி என்ற மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் எழுதுவார்கள். தாளில் இல்லாத, விடாப்பிடியான கரப்பானுக்கும் தோல் டாக்டர்கள் எழுதுவதுண்டு. இந்த மூன்றில் எதற்கு எழுதினாலும் வாரத்தில் ஒரு நாள்தான். தினமும் எடுத்தால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் வற்றும், உயிரே போகும். நான் இந்த மருந்தைக் கொடுக்கும்போது கிழமையைத் தமிழில் பெரிதாக, சிவப்பு மையில் அட்டை மேலேயே எழுதுவேன்: "ஞாயிறு மட்டும்". கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். எழுதிக் கொடுக்காத கடையில் நீங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஐந்தாவது படி: எல்லை தாண்டிய இரண்டு டாக்டர்களுக்கும் ஒரே நோட்டு

கேரளத்துச் சீட்டு இங்கே செல்லும். பதிவு பெற்ற டாக்டர் எழுதியது என்றால் மாநிலம் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே எழுதியது இங்குள்ள டாக்டருக்குத் தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மருந்து, எதற்கு, எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது. அவ்வளவுதான்.

கல்லுக்காக டாம்சுலோசின் எடுத்தவர் பின்னால் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் அதைக் கண் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது கண்பாவையை விரிக்கும் தசையையும் தளர்த்திவிடும், ஆபரேஷன் சிக்கலாகும். முன்கூட்டித் தெரிந்தால் அவர்கள் தயாராக இருப்பார்கள். தாய்ப்பால் ஊற டாம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தை எடுக்கிற தாய், சளிக்கு வேறு டாக்டரிடம் போனால் அதைச் சொல்ல வேண்டும். சில ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

ஆறாவது படி: பக்கவிளைவு வந்தால் புகார் சொல்லுங்கள்

தாளில் இல்லாத பயனுக்கு எடுக்கும்போது, தாளில் இல்லாத பக்கவிளைவும் வரலாம். நாடு முழுவதும் இதைச் சேகரிக்க 2010 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாள்களில் நோயாளியே கூப்பிட்டுச் சொல்லலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது.

எங்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்

டாக்டர் யோசித்து எழுதுவதற்குத்தான் இதுவரை சொன்னதெல்லாம். டாக்டரே இல்லாமல் நடப்பது வேறு. முகம் வெளுக்க என்று ஸ்டீராய்டு களிம்பு பூசி, தோல் மெலிந்து, வெயிலில் நிற்க முடியாமல் சிவந்து எரிகிற பெண்பிள்ளைகளை மாதந்தோறும் பார்க்கிறேன். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் விதி வந்தது, இன்னும் கேட்கிறார்கள். பிள்ளை குண்டாக டெக்ஸாமெத்தாசோன் வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஏறுவது சதை அல்ல, நீரும் கொழுப்பும். பல வாரம் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் பிள்ளை மயங்கி விழும். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு வேண்டிய மருந்து. என்னிடம் கெஞ்ச வேண்டாம்.

கம்பெனிகளின் பக்கமும் ஒரு கண் வேண்டும். நம் சட்டம் அனுமதியில்லாத பயனுக்கு மருந்தை விளம்பரம் செய்ய கம்பெனியை விடுவதில்லை. 2019-ஆம் ஆண்டு விதிப்படி பழைய மருந்துக்குப் புதிய பயன் சொன்னால் அது புது மருந்துக்குச் சமம், தனி அனுமதி வேண்டும். டாக்டர் தன் நோயாளிக்கு எழுதுவதை அந்த விதிகள் நேரடியாகத் தடுப்பதில்லை. அமெரிக்காவில் வலிப்பு மருந்தான காபாபென்டினை எல்லா நோய்க்கும் தள்ளிவிட்டதற்காக வார்னர்-லாம்பர்ட் கம்பெனி 2004-இல் 43 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. உள்ளே வேலை பார்த்த டேவிட் ஃபிராங்க்ளின் என்பவர் துணிந்து சொன்னதால்தான் அது வெளியே வந்தது.

2020 மார்ச்சை என்னால் மறக்க முடியாது. கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் நல்லது என்று செய்தி வந்த இரண்டே நாளில் கடையில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. 26-ஆம் தேதி அதைக் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் வருஷக்கணக்காக அதை நம்பி இருந்த லூபஸ் நோயாளிகளும் சரவாங்கிக்காரர்களும் வெறுங்கையோடு நின்றார்கள். எல்லையை அடைத்திருந்தார்கள், அந்தப் பக்கமும் போக முடியாது. விரல் மடக்க முடியாமல், பர்ஸைத் திறக்க என்னையே கேட்ட ஒரு டீச்சரம்மாவிடம் இல்லை என்று சொன்னேன். பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் கொரோனாவுக்கு அந்த மருந்தால் பலன் இல்லை என்று தெரிந்தது.

மருந்து கையில் இருக்கிறது, சந்தேகம் தீரவில்லை என்றால்

எடுக்காமல் வைத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். சீட்டு, பழைய சீட்டுகள், ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வாங்கிய கடைக்கே வாருங்கள். பார்மசிஸ்ட் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். எங்களால் தீராவிட்டால் சீட்டில் உள்ள ஆஸ்பத்திரி நம்பருக்கு உங்கள் முன்னாலேயே கூப்பிடுவோம்.

அந்தக் கல் அக்கா அன்று ராத்திரியே மாத்திரையைத் தொடங்கினார். முதல் மாத்திரைக்குத் தலை சுற்றும், கட்டிலிலிருந்து மெதுவாக எழும்புங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு அட்டை கேட்டு வந்தார். வலி எப்படி என்றேன். "வலியெல்லாம் போயி பத்து நாளாச்சு மக்களே. கல்லு விழுந்திட்டு." பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார், நல்லமிளகு அளவு, பழுப்பு நிறம். கல் விழுந்தால் மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நானும் சொல்லவில்லை. டாக்டருக்கு போன் போட்டோம். நிறுத்தச் சொன்னார், கல்லைத் தூக்கிப் போடாமல் அடுத்த தடவை கொண்டுவரவும் சொன்னார். அக்காவின் நோட்டில் அந்தத் தேதியை நானே எழுதிக் கொடுத்தேன்.